கடைசி வார்த்தை யாருடையது?

விண்கலத்துக்குள்ளேயே ஓட்டுவதற்கு ஆள் இருக்கும்போது, தரையில் எதற்கு இத்தனை பேர் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்? 'அப்போலோ 13' படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். விமானத்துக்கு இப்படி ஒரு பட்டாளம் கிடையாது, கப்பலுக்கும் கிடையாது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பதில் கொஞ்சம் நீளம். அந்த அறை தானாக முளைத்ததில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து, இரண்டு மூன்று தடவை சூடுபட்டு, உருவாக்கியது.

அவர் பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் கிராஃப்ட். பெயரைப் பார்த்ததும் நாசாவின் விளம்பரப் பிரிவு வைத்ததோ என்று தோன்றும். இல்லை. அப்பாவின் பெயரும் அதுதான். நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் பிறந்ததால் அப்பாவுக்கு அந்தப் பெயர், அப்பா வழியாக மகனுக்கு. மகன் பிறந்தது வர்ஜீனியாவில் ஃபீபஸ் என்ற சிற்றூரில், 1924 பிப்ரவரி 28 அன்று. மூன்று வயதில் வலது கை தீயில் வெந்துபோனது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கையைக் காரணம் காட்டித்தான் படையில் சேர்க்க மறுத்தார்கள். வர்ஜீனியா பாலிடெக்னிக்கில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, 1945இல் லாங்லி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாசா என்ற ஒன்று அப்போது இல்லை. அதற்கு முன்னோடியான 'நாகா' என்ற விமான ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வகம் அது.

லாங்லியில் அவர் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒரு விமானத்தின் பின்னாலேயே இன்னொரு விமானம் போனால் பின்னால் போவது தூக்கிப் போடும். முன்னால் போவதன் புரொப்பெல்லர் கிளப்பும் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழல்தான் காரணம் என்று கிராஃப்ட் பறக்கவிட்டு அளந்து காட்டினார். இன்று பெரிய விமானம் இறங்கிய பிறகு சின்ன விமானத்தைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கிறார்களே, அது இந்தச் சுழலுக்குப் பயந்துதான். ஊரே நம்பும் காரணத்தை அளந்து பார்க்காமல் ஏற்காத குணம் அப்போதே அவரிடம் இருந்தது.

1958 அக்டோபரில் நாசா பிறந்தது. நவம்பரில், மனிதனை விண்வெளிக்கு அனுப்புவதற்கென்று ராபர்ட் கில்ரூத் தலைமையில் லாங்லியில் ஒரு சின்னக் குழு அமைந்தது. முதலில் மொத்தமே 45 பேர். அதில் மிக இளையவரான கிளின் லன்னிக்கு வயது 21. கிராஃப்டுக்கு 34. அவருடைய மேலாளர் சார்லஸ் மேத்யூஸ் அவரிடம் கொடுத்த வேலை, சொல்வதற்கு மிகச் சுலபமானது: ஏவுதளத்திலிருந்து ஒரு மனிதனை மேலே அனுப்பி, சுற்றவிட்டு, திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று ஒரு திட்டம் போடு. ஆள் உயிரோடு திரும்பினால் நல்லது.

அதுவரை புது விமானத்தைச் சோதிக்கிற வழக்கம் என்னவென்றால், ஓட்டுநர் மேலே இருப்பார், ஒன்றிரண்டு பொறியாளர்கள் கீழே வானொலி முன் உட்கார்ந்திருப்பார்கள். முடிவு ஓட்டுநருடையது. கீழே இருப்பவர் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். விண்கலத்துக்கு இது சரிப்படாது என்று கிராஃப்டுக்குச் சீக்கிரமே புரிந்தது. மெர்க்குரி என்று பெயர் வைத்த அந்த முதல் கலத்துக்குள் ஒருவர் கால் நீட்டக்கூட இடமில்லை. அவர் முன்னால் இருக்கும் முள்களைவிட, வானொலி வழியாகத் தரைக்கு வந்துசேரும் அளவுகள் அதிகம். மின்கலத்தின் நிலை, பிராணவாயுவின் அழுத்தம், ஓட்டுநரின் இதயத் துடிப்பு எல்லாம் கீழே தெரியும். தவிர, சுற்றுப்பாதையில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எந்தக் கணத்தில் பிரேக் ராக்கெட்டைப் பற்றவைத்தால் எந்தக் கடலில் விழுவோம் என்பதை உள்ளே இருப்பவர் மனக்கணக்காகப் போட முடியாது. அந்தக் கணக்குக்குப் பெரிய கணினிகள் வேண்டும். அன்றைக்கு அவை தரையில்தான் இருக்க முடியும்.

இன்னொரு சிக்கல், பேசுவது. நம் தெரு வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம், பஸ் தெருமுனை திரும்புவதற்குள் சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்லிவிட வேண்டும் இல்லையா, அப்படித்தான். ஒரு நிலையத்தின் தலைக்கு மேலே கலம் கடந்துபோகிற சில நிமிடங்கள்தான் பேச்சு. பிறகு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால் உலகத்தைச் சுற்றி, இரண்டு கப்பல்களையும் சேர்த்து, 18 நிலையங்கள் அமைத்தார்கள். பெர்முடா, கானரித் தீவு, நைஜீரியாவின் கானோ, சான்சிபார், இந்தியப் பெருங்கடலில் ஒரு கப்பல், ஆஸ்திரேலியாவில் இரண்டு இடம், பசிபிக்கில் கான்டன் தீவு, ஹவாய் என்று போகும் அந்தச் சங்கிலி. சில நிலையங்களோடு குரலில் பேசவே முடியாது, தந்தி எந்திரம்தான். இவ்வளவு இடங்களிலிருந்து வருகிற துண்டு துண்டான செய்திகளையும் ஒருவர் கேட்டு, சேர்த்துப் பார்த்து, முடிவு சொல்ல வேண்டும். அந்த ஒருவருக்கு 'ஃப்ளைட் டைரக்டர்' என்று பெயர். வேலையை வரையறுத்தவரும் முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் கிராஃப்ட்தான். ஹெட்செட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வெறும் 'ஃப்ளைட்'.

முதல் பாடம் 1960 நவம்பர் 21 அன்று கேப் கனாவரலில் கிடைத்தது. நாசாவின் சரித்திரத்திலேயே எனக்கு மிகப் பிடித்த தோல்வி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஆள் இல்லாத மெர்க்குரி கலத்தை ரெட்ஸ்டோன் ராக்கெட் மேல் வைத்து ஒரு ஒத்திகை ஏவல். கவுண்ட்டவுன் முடிந்தது. என்ஜின் பற்றியது. ராக்கெட் நாலு அங்குலம் எழும்பியது, என்ஜின் நின்றுவிட்டது, ராக்கெட் அதே மேடையில் பழையபடி உட்கார்ந்துகொண்டது. ஆனால் உச்சியிலிருந்து ஏதோ ஒன்று தீப்பிழம்போடு சீறிக்கொண்டு போனது. போனது கலம் இல்லை. ஆபத்தில் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறக்க வேண்டிய தப்பிக்கும் கோபுரம், கலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்துப் போய்விட்டது. மூன்று விநாடி கழித்து, ராக்கெட் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்த கலத்தின் மூக்கிலிருந்து பாராசூட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து பக்கவாட்டில் தொங்கின.

நடந்தது இவ்வளவுதான். ராக்கெட் கிளம்பும்போது இரண்டு கேபிள்கள் பிடுங்கிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுக் கேபிள் முதலில், மின்சாரமும் தரை இணைப்பும் தரும் கேபிள் பிறகு. ராணுவ ரெட்ஸ்டோனுக்கு உரிய நீளமான கேபிளை இதற்கு மாட்டியிருந்தார்கள். வரிசை மாறிப்போனது. மின் கேபிள் முதலில் கழன்று, சுமார் 29 மில்லிவிநாடிக்கு ராக்கெட்டுக்குத் தரை இணைப்பு இல்லை. அந்த இடைவெளியில் மின்னோட்டம் வேறு வழியாகப் பாய்ந்து என்ஜினை நிறுத்தும் ரிலேயைத் தட்டிவிட்டது. என்ஜின் நின்றதும் கலம் என்ன நினைத்தது? பயணம் ஒழுங்காக முடிந்தது, இனி கோபுரம் தேவையில்லை என்று அதைக் கழற்றி அனுப்பியது. பிறகு உயரத்தைப் பார்த்தது, 10,000 அடிக்குக் கீழே. சரி, பாராசூட்டை விரி. விரித்த பாராசூட்டில் எடை எதுவும் தொங்கவில்லையே, அது கிழிந்திருக்கும், மாற்றுப் பாராசூட்டையும் விரி. கருவிகள் ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்தன. மொத்தத்தில் நடந்தது கேலிக்கூத்து.

சிரித்து முடித்துவிட்டு நிலைமையைப் பாருங்கள். மேடை மேல் எரிபொருள் நிரம்பிய ராக்கெட். எந்தக் கேபிளும் இல்லாததால் அதற்கு எந்த உத்தரவும் போட முடியாது. வெடித்துத் தகர்க்கும் கருவி இன்னும் உயிரோடு இருக்கிறது. தொங்குகிற பாராசூட்டில் பலத்த காற்று புகுந்தால் ராக்கெட்டே சாய்ந்துவிடலாம். ராக்கெட்டை வடிவமைத்த ஃபான் பிரவுனின் ஜெர்மன் குழுவைச் சேர்ந்த பொறியாளர்கள் பதற்றத்தில் ஜெர்மனில் பேச ஆரம்பித்துவிட்டதாகவும், பொறுப்பாளரான தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்றும் கிராஃப்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். துப்பாக்கியால் தொட்டியில் ஓட்டை போட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் செய்தது, சும்மா இருந்ததுதான். இரவு முழுக்க அப்படியே விட்டார்கள். மின்கலங்கள் தாமாகத் தீர்ந்தன, திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போனது. மறுநாள் காலையில் ஆட்கள் போய்க் கழற்றினார்கள்.

என்ன செய்வது என்று தெரியாதபோது எதுவும் செய்யாதே என்பது அன்றிலிருந்து கிராஃப்டின் முதல் விதி. கேட்பதற்குச் சோம்பேறி வேதம்போல இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் கூடியிருக்கிற இடத்தில், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அரிக்கிற கையைக் கட்டிப்போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது பாடம் இது. ஒவ்வொரு கோளாறுக்கும் என்ன செய்வது என்று முன்கூட்டியே, மனம் அமைதியாக இருக்கும்போது, உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். இவைதான் பறத்தல் விதிகள். இந்த அழுத்தம் இந்த அளவுக்குக் கீழே போனால் உடனே இறக்கு, அந்தக் கருவி போனால் இத்தனை சுற்றோடு நிறுத்து என்று பக்கம் பக்கமாக. ஒவ்வொரு வரிக்கும் மாதக்கணக்கில் சண்டை நடக்கும். சண்டையெல்லாம் தரையில், பறப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

எழுதி வைத்தாயிற்று. எழுதியதை மேலதிகாரி வந்து மாற்றினால்? 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது அது நடந்தது. கிளென் சுற்றிக்கொண்டிருக்கையில், 'செக்மென்ட் 51' என்ற அளவு, கலத்தின் அடியில் உள்ள வெப்பக் கவசம் கழன்றுவிட்டதாகக் காட்டியது. உண்மையானால், காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது கிளென் எரிந்துபோவார். கிராஃப்டும் அவர் ஆட்களும் மற்ற அளவுகளைப் பார்த்துவிட்டு, கவசம் சரியாக இருக்கிறது, கோளாறு ஸ்விட்சில்தான் என்றார்கள். அவருக்கு மேலே இருந்த வால்டர் வில்லியம்ஸ் முதலியோர் ஒப்பவில்லை. கவசத்தின் மேல் பட்டைகளால் கட்டியிருக்கும் பிரேக் ராக்கெட் பொதியைக் கழற்றாமல் அப்படியே இறங்கட்டும், அது கவசத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பொதி எரிந்து சிதறும்போது கவசத்தையே பதம் பார்க்கலாம் என்பது கிராஃப்டின் பயம். கிளென் பத்திரமாக இறங்கினார். பிறகு சோதித்துப் பார்த்ததில் கோளாறு ஸ்விட்சில்தான் இருந்தது.

இங்கே யாரும் முட்டாள் இல்லை. வில்லியம்ஸின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒருவேளை அதையே சொல்லியிருப்பேன். ஆனால் கிராஃப்டுக்கு உறுத்தியது வேறு. எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னது ஒன்று, அதிகாரம் இருந்தவர்கள் செய்தது இன்னொன்று. மேலே இருந்த கிளெனிடமும் விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை. அந்த ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத்துக்கு நிலையம் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். கிளெனுக்குக் கோபம் வந்தது, வரத்தான் செய்யும். இனிமேல் பறக்கும் நேரத்தில் கடைசி வார்த்தை ஃப்ளைட் டைரக்டருடையது, அவருக்கு மேல் யாரும் இல்லை என்று கிராஃப்ட் வலியுறுத்தி அதை விதிப் புத்தகத்திலும் ஏற்ற வைத்தார். நாசா தலைவரே வந்து பின்னால் நின்றாலும் சரி, பறப்பு முடிந்த பிறகு ஃப்ளைட் டைரக்டரை வேலையிலிருந்து எடுக்கலாம். பறக்கும்போது அவர் சொன்னதை மாற்ற முடியாது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து விண்கலத்தை ஓட்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விஷயம். ஒருவர் பாதையை மட்டும் பார்ப்பார், ஒருவர் மின்சாரத்தையும் பிராணவாயுவையும், ஒருவர் என்ஜினை, ஒருவர் மருத்துவர். மேலே இருப்பவர்களோடு பேசுகிறவர் ஒரே ஒருவர், அந்தக் காலத்தில் அவரும் விண்வெளி வீரராகவே இருப்பார். எல்லோரும் தத்தம் விஷயத்தை ஃப்ளைட்டிடம் சொல்வார்கள். சொல்லும்போது சுருக்கமாக, தயங்காமல், 'கோ' அல்லது 'நோ கோ'. ஒவ்வொருவருக்கும் பின்னால் பக்கத்து அறைகளில் இன்னும் ஆழமாகத் தெரிந்த ஒரு கூட்டம் இருக்கும். தெரியாததைத் தெரியும் என்று சொன்னவனுக்கு அந்த அறையில் மறு வாய்ப்பு கிடையாது. இதில் கிராஃப்ட் கொடூரமானவர் என்றே பெயரெடுத்திருந்தார்.

அந்தக் கொடூரம் எங்கே போய் முட்டியது என்பதற்கு ஸ்காட் கார்ப்பென்டர் சாட்சி. கிளெனுக்கு அடுத்து 1962 மே 24 அன்று அவர் பறந்தார். ஆசையாக வெளியே பார்த்தார், படம் எடுத்தார், கலத்தின் சுவரைத் தட்டி வெளியே பனித்துகள்கள் மின்மினிபோலப் பறப்பதைக் கண்டுபிடித்தார். எரிபொருள் வேகமாகக் குறைந்தது. இறங்கும் நேரத்தில் கலம் சரியான திசையில் நிற்கவில்லை, பிரேக் ராக்கெட்டும் மூன்று விநாடி தாமதமாகப் பற்றியது. குறித்த இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி விழுந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஆள் இனி என் பொறுப்பில் பறக்கவே கூடாது என்று கிராஃப்ட் அன்றே முடிவு கட்டினார். கார்ப்பென்டர் பிறகு விண்வெளிக்குப் போகவே இல்லை.

கிராஃப்ட் தன் புத்தகத்தில் இந்தப் பயணத்துக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கி, பழுதானது கருவியல்ல, மனிதன்தான் என்கிற தொனியில் தலைப்பு வைத்தார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் கோபம் ஆறவில்லை. எனக்கு இதில் கிராஃப்டோடு முழு உடன்பாடு இல்லை. அந்த 400 கிலோமீட்டரைப் பிரித்துப் பாருங்கள். மூன்று விநாடித் தாமதம் தந்தது சுமார் 25. பிரேக் ராக்கெட்டின் உந்துவிசையே குறைவாக இருந்ததால் சுமார் 95. மிச்சம் சுமார் 280, கலம் கோணலாக நின்றதால். அந்தக் கோணலுக்குப் பின்னால் அடிவானத்தைப் பார்த்துக் கலத்தை நேராக நிறுத்த வேண்டிய தானியங்கிக் கருவியின் கோளாறு இருந்தது. கார்ப்பென்டரிடம் கவனக் குறைவு இருந்தது உண்மை. அவர் தலையில் அளவுக்கு மீறிய பரிசோதனைகளைக் கட்டி அனுப்பியதும் உண்மை. விமானச் சுழலை அளந்து காட்டிய கிராஃப்ட், இந்த மனிதர் விஷயத்தில் அளந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மெர்க்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1965இல் கட்டுப்பாட்டு அறை ஹூஸ்டனுக்கு மாறியது. பயணங்கள் நாள்கணக்கில் நீண்டதால் ஒருவர் போதாது. கிராஃப்ட், ஜீன் கிரான்ஸ், ஜான் ஹாட்ஜ் என்று மூன்று ஷிஃப்ட். ஜெமினி 4இல் எட் ஒயிட் வெளியே மிதந்த சந்தோஷத்தில் உள்ளே வர மனமில்லாமல் இருந்தபோது, உள்ளே போகச் சொல்லி அதட்டலாக உத்தரவு போட்டவர் கிராஃப்ட். ஜெமினி 5இல் மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தின் ஆக்சிஜன் அழுத்தம் படுவேகமாக விழுந்தது. உடனே இறக்கச் சொல்லியிருக்கலாம். திரும்பி வருவதற்கு மின்கலம் போதும் என்று உறுதி செய்துகொண்டு, அதே கருவி குறைந்த அழுத்தத்தில் ஓடுமா என்று தரையில் சோதிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஓடியது. பயணம் ஏறத்தாழ எட்டு நாள் நீடித்தது. அந்த வாரம் 'டைம்' இதழின் அட்டையில் கிராஃப்டின் முகம்.

ஜெமினிக்குப் பிறகு அவர் அந்த நாற்காலியை இளையவர்களிடம் விட்டுவிட்டு, பறத்தல் பிரிவின் தலைவராகப் பின் வரிசைக்குப் போனார். 1968 ஆகஸ்டில் அப்போலோ கலத் திட்டத்தின் மேலாளர் ஜார்ஜ் லோ, அப்போலோ 8ஐ நேராக நிலாவுக்கே அனுப்பினால் என்ன என்று கேட்டபோது, அது முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொன்னது கிராஃப்டின் ஆட்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பசிபிக் கடற்படையின் கப்பல்கள் வேண்டும் என்று அட்மிரல் மெக்கெய்னிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கியதும் அவரே.

ஆனால் அவருடைய உண்மையான சாதனையை, அவர் கைவைக்காத இரண்டு சம்பவங்களில்தான் பார்க்க வேண்டும். முதலாவது அப்போலோ 11. நிலாவில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, 1969 ஜூலை 5 அன்று நடந்த ஒத்திகையில், பயிற்சி தருகிறவர்கள் வேண்டுமென்றே கணினியில் 1201 என்ற அபாய எண்ணை வரவழைத்தார்கள். வழிகாட்டும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். தவறான முடிவு, இறங்கியிருக்கலாம். அன்றைக்கு அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, வரக்கூடிய அபாய எண்கள் ஒன்று விடாமல் பட்டியல் போட்டு, எதற்கு என்ன செய்வது என்று எழுதும் வேலை ஜாக் கார்மன் என்ற இளைஞரிடம் போனது. ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங் நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது 1202 என்று கணினி கத்தியது. பின்னறையில் கார்மன் கையில் பட்டியல். பேல்ஸ் சில விநாடிகளில் 'கோ' சொன்னார். பேல்ஸுக்கு வயது 26, கார்மனுக்கு 24. கிராஃப்ட் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

இரண்டாவது அப்போலோ 12. 1969 நவம்பர் 14, மழை மேகத்துக்குள் ஏவப்பட்ட ராக்கெட்டை மேலே போகிற வழியில் இரண்டு தடவை மின்னல் தாக்கியது. கலத்தின் மின்சாரம் குலைந்தது, தரைக்கு வந்த அளவுகள் எல்லாம் அர்த்தமில்லாத எண்களாயின. ஃப்ளைட் டைரக்டர் ஜெர்ரி கிரிஃபினுக்கு ஏவலை நடத்துவது அதுதான் முதல் தடவை. மின்சாரப் பொறுப்பில் இருந்த ஜான் ஆரன், 26 வயது, ஒரு வருடம் முன்பு ஏதோ ஒரு சோதனையில் இதே குப்பை எண்களைப் பார்த்து, அது ஏன் வந்தது என்று சொந்த ஆர்வத்தில் தோண்டிப் பார்த்திருந்தார். ஒரு ஸ்விட்சின் பெயரைச் சொல்லி அதை மாற்றச் சொன்னார். அப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதே அறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிரிஃபினுக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும், சொல்கிறவன் தெரிந்து சொல்கிறான் என்று நம்பி உத்தரவு போட்டார். ஸ்விட்சைப் போட்டதும் எண்கள் திரும்பி வந்தன. கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியதும் கிராஃப்ட் கிரிஃபினிடம் வந்து, இன்றைக்கே நிலாவுக்குப் போயாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை தம்பி என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மேலிடத்து நிர்பந்தம் உனக்கு இல்லை என்பதை மட்டும் தெரியப்படுத்தினார். கிரிஃபின் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு நிலாவுக்கு அனுப்பினார். தலைமை என்று மேடைகளில் எவ்வளவோ பேசுகிறார்கள், எனக்கு இந்த ஒரு காட்சி போதும்.

1972 முதல் 1982 வரை கிராஃப்ட் ஹூஸ்டன் மையத்தின் இயக்குநர். ஸ்கைலாப் விண்வெளி நிலையம், ரஷ்யர்களோடு சேர்ந்து பறந்த அப்போலோ–சோயுஸ், கடைசியாக 1981இல் ஷட்டில் விண்கலத்தின் முதல் பயணம் எல்லாம் அவர் காலத்தில்.

ஓய்வுக்குப் பிறகு வந்த ஒரு அத்தியாயத்தை அஞ்சலிக் கட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். தாண்டக் கூடாது. ஷட்டில் நிர்வாகத்தைச் சீரமைக்க அமைந்த ஒரு குழு 1995இல் அறிக்கை கொடுத்தது. தலைவர் கிராஃப்ட். ஷட்டில் பக்குவமடைந்த, நம்பத்தகுந்த வாகனம் ஆகிவிட்டது, அதை ஓட்டும் பொறுப்பை ஒரே தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம், பாதுகாப்புச் சோதனைகளில் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பவற்றைக் குறைக்கலாம் என்றது அந்த அறிக்கை. நாசா பெருமளவு அதன்படியே செய்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். மேலேறும்போது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது முன்பே தெரியும். சுற்றுப்பாதையில் இருக்கும்போதே இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது நிர்வாக மட்டத்தில் அமுங்கிப்போனது. எண்களைப் பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்று, அதிகாரம் இருப்பவர்கள் செய்வது இன்னொன்று. கிளென் பறந்த நாளில் கிராஃப்டை உறுத்தியது இதேதான். விபத்தை விசாரித்த குழு, 1995 அறிக்கையின் மனப்போக்கையும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டுக் கண்டித்தது. அந்த விபத்துக்குக் கிராஃப்ட்தான் பொறுப்பு என்பது அநியாயம், எட்டு வருட இடைவெளியில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. ஆனால் ஷட்டில் நூறு தடவை பறந்தாலும் அது சோதனை வாகனம்தான் என்று 1960இன் கிராஃப்ட் சொல்லியிருப்பார். 1995இன் கிராஃப்ட் சொல்லவில்லை.

2011இல் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 2019 ஜூலை 22 அன்று, நிலாவில் மனிதன் இறங்கியதன் 50ஆம் ஆண்டு நிறைவு முடிந்து இரண்டு நாள் கழித்து, 95 வயதில் காலமானார்.

மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அவருடைய தன்வரலாறு 'ஃப்ளைட்' 2001இல் வந்தது. கோபமும் பாசமும் மறைக்காமல் எழுதப்பட்ட புத்தகம், அலுக்கவே அலுக்காது. அதை முடித்த கையோடு, ஸ்காட் கார்ப்பென்டர் தன் மகளோடு சேர்ந்து எழுதிய 'ஃபார் ஸ்பேஷியஸ் ஸ்கைஸ்' புத்தகத்தையும் எடுங்கள். ஒரே பயணத்தை இரண்டு பேரும் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.